படியில் தொடங்கிய 200 மைல்: ஹோலி பூனையின் நிகழ்வு ஆய்வு

2012 நவம்பர் தொடக்கம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் டேடோனா பீச் நகரம். கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன டேடோனா இன்டர்நேஷனல் ஸ்பீட்வே மைதானத்தில் ஆர்வி வைத்திருப்பவர்களின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஏசி என்று ஒரு சின்ன வீடே உள்ளே இருக்கும் வண்டியைத்தான் ஆர்வி என்கிறார்கள். வெஸ்ட் பாம் பீச் நகரிலிருந்து அப்படி ஒரு வண்டியில் வந்திருந்த தம்பதி, தங்களுடைய நான்கு வயதுப் பெண் பூனை ஹோலியையும் கூட்டி வந்திருந்தார்கள். கருப்பும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை அது.

ஒரு ராத்திரி, குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வண்டியின் கதவைத் திறந்தார். ஹோலி வெளியே பாய்ந்து இருட்டுக்குள் ஓடிவிட்டது.

அந்தத் தம்பதி நாள்கணக்கில் தேடினார்கள். விலங்குக் காப்பகங்களுக்குச் சொன்னார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தச் சமயத்தில் வாணவேடிக்கையும் நடந்ததால் பூனை இன்னும் மிரண்டு போயிருக்கும் என்று நினைத்தார்கள். கடைசியில் ஹோலி இல்லாமலே வீடு திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் கழித்து விலங்கு மீட்புப் பணியாளர் ஒருவர் கூப்பிட்டார். டேடோனாவில் ஓர் உணவகத்தின் பின்புறம், ஊழியர்கள் தெருப்பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கும் இடத்தில், ஹோலியைப் போலவே ஒரு பூனை தின்றுகொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

டிசம்பர் 31. வெஸ்ட் பாம் பீச்சில், அந்தத் தம்பதியின் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி, ஒரு பெண்மணி தன் வீட்டுக் கொல்லையில் ஒரு பூனையைப் பார்த்தார். எலும்பும் தோலுமாக, நிற்கவே முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்தால் குரல் சரியாக வரவில்லை. அவரும் பிள்ளைகளும் ஆறு நாள் சாப்பாடு வைத்துப் பொறுமையாகப் பழக்கினார்கள். பூனை மெல்ல வீட்டுக்குள் வந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். தோலுக்கடியில், வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க உதவும் மைக்ரோசிப் இருந்தது. அது ஹோலி.

டேடோனா பீச்சுக்கும் வெஸ்ட் பாம் பீச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரம். 2013 ஜனவரியில் இந்தச் செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தபோது படித்தவர்கள் எல்லாரும் அந்த நடையை நினைத்து நினைத்து வியந்தார்கள். நானும் வியந்தேன். ஆனால் இரண்டு பூனைகளோடு ஆர்வியில் ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகு, அந்த 200 மைலைவிட அதற்கு முந்தின மூன்றடிதான் என் மனசில் நிற்கிறது. பூனையின் படுக்கைக்கும் வண்டியின் கதவுக்கும் நடுவே இருக்கும் மூன்றடி. ஹோலியின் கதையை நான் அந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

பூனை வீட்டைச் சுற்றும்

ஆர்வியின் கதவுக்கு வெளியே திண்ணை கிடையாது, வராந்தா கிடையாது, கேட்டும் கிடையாது. கதவைத் திறந்தால் ஒரு மடக்குப்படி, அதற்குக் கீழே ஊர். வீட்டில் பூனை படுத்திருக்கும் இடத்துக்கும் தெருக்கதவுக்கும் நடுவே இரண்டு அறையாவது இருக்கும். வண்டியில் அது எங்கே படுத்தாலும் கதவு பக்கத்தில்தான். ராத்திரியில் இன்னும் மோசம். உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே கும்மிருட்டு. கதவைத் திறக்கும் ஆள் எதிரே பார்ப்பாரே ஒழிய முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். கையில் ஏதாவது பாத்திரமோ பையோ இருக்கும். இந்த வண்டிகளில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்பதால், ஒரு கையால் பிடியைப் பிடித்து உடம்பை முன்னால் சாய்த்து இறங்க வேண்டியிருக்கும். அந்த ஒரு விநாடி நம் கால்களுக்குப் பின்னால் நடப்பது எதுவும் நமக்குத் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். ஜார்ஜியாவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வண்டியில் கிளம்பினோம். பூனைகள் இரண்டும் கூடவே. செவலை ஆண், மிளகு பெண். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா ஈரத் துண்டைக் காயப்போட எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தவர், அப்படியே படியில் நின்று வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருந்த செவலை தலையைத் தூக்கினான். முதலில் அவன் காதுகள் மாறின. இரண்டும் முன்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டன. பிறகு உடம்பு தாழ்ந்தது, பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கின. வால் நுனி மட்டும் தரையில் ஒருமுறை தட்டியது.

"அம்மா, கதவு!"

அம்மா பதறிப்போய்ச் சாத்தினார். செவலையின் மீசை கதவில் உரசியது.

"ஏண்டி இப்படிக் கத்துற? பூனைதானே, போனா தானா வந்துரும். நாய் ஆளைச் சுத்தும், பூனை வீட்டைச் சுத்தும்."

அம்மா சொன்னது அத்தனையும் சரி. மதுரையில் எங்கள் வீட்டுப் பூனை ஓட்டு மேலேறிப் போய், இரண்டு நாள் கழித்து அடுப்படி ஜன்னல் வழியாக வந்து பாலுக்கு நிற்கும். யாரும் தேடியதில்லை. அந்தப் பூனைக்குத் தெரு தெரியும், சுவர் தெரியும், எந்த வீட்டு நாய் எப்போது தூங்கும் என்பதும் தெரியும். எத்தனை நாள் கழித்து வந்தாலும் வீடு அதே இடத்தில் இருக்கும்.

"இந்த வீடு நாளைக் கழிச்சு காலையில கிளம்பிப் போயிரும்மா" என்றேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பயணம் முடியும் வரை, "பூனைங்க எங்க இருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவில் கை வைத்தார்.

ஹோலியின் நிகழ்வும் அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான். அது வீட்டைச் சுற்றுகிற பூனை. வெஸ்ட் பாம் பீச்சில் இருந்ததுதான் அதற்கு வீடு. டேடோனாவில் நின்ற வண்டியை அது வீடாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது, சில நாளில் அந்த வண்டியும் அங்கிருந்து போய்விட்டது.

இதில் கதவைத் திறந்தவர்மேல் பழிபோட எனக்கு மனசில்லை. சிறிய வண்டிக்குள் நான்கு பேர் இருந்தால் ஒரு நாளைக்கு ஐம்பது முறை கதவு திறக்கும். ஐம்பது முறையும் ஒருவர் கவனமாக இருப்பார் என்று நம்பி ஒரு பூனையின் உயிரை ஒப்படைக்க முடியாது. எங்கள் வண்டியில் இப்போது கதவுக்கு உட்புறம் முழங்கால் உயரத்துக்கு மேல் வரும் ஒரு தடுப்புக் கதவு இருக்கிறது, குழந்தைகளுக்காகப் படிக்கட்டில் மாட்டுவார்களே அதே மாதிரி. தாவ நினைத்தால் செவலை தாவிவிடுவான்தான். ஆனால் தாவுவதற்கு முன் ஒரு கணம் நின்று அளவு பார்ப்பான். அந்த ஒரு கணம் போதும். விருந்தாளி வந்தாலோ ராத்திரியில் சாமான் இறக்கினாலோ, முதலில் பூனைகளைக் குளியலறையில் விட்டுத் தாழ் போட்ட பிறகுதான் வாசல் கதவு.

வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆபத்துகள்

ஹோலியின் கதையில் இது வராது. இருந்தாலும் பூனையோடு ஆர்வியில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் சொல்லிவிடுகிறேன். பல ஆர்விகளில் ஸ்லைடு-அவுட் என்று ஒன்று உண்டு. வண்டியை நிறுத்திய பிறகு பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவரோடு சோஃபாவோ கட்டிலோ வெளியே நகர்ந்து உள்ளே இடம் அகலமாகும். கிளம்பும்போது மறுபடி உள்ளே இழுக்க வேண்டும். மோட்டார் இழுக்கும் அந்தப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே, சோஃபாவின் அடியில், இழுப்பறைகளின் பின்னால் இருக்கும் இடுக்குகள் ஒரு பூனைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். மோட்டாருக்குப் பூனை தெரியாது.

ஒரு காலையில் கிளம்பும் அவசரத்தில் நான் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். "மிளகு எங்க?" என்று கணவர் கேட்டார். கேரியரில், அதாவது பூனைக்கூண்டில், இருப்பாள் என்றேன். கேரியர் காலி. பத்து நிமிஷம் தேடிய பிறகு, சோஃபாவின் கீழ் இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்தால், ஸ்லைடு ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரண்டு பச்சைக் கண்கள். அன்றைக்கு என் கை நடுங்கி நிற்க ரொம்ப நேரமாயிற்று. இரண்டு பூனையும் கேரியரில் இருப்பதை ஒருவர் கண்ணால் பார்த்து வாய்விட்டுச் சொல்லாமல் எங்கள் வண்டியில் இப்போது ஸ்லைடு நகராது.

ஓடும்போதும் கேரியர்தான், அதுவும் சீட் பெல்ட்டில் கட்டியது. மடியில் வைத்துக்கொண்டு போகும் படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கும். மிரண்ட பூனை இருட்டான, ஒடுக்கமான இடத்தைத் தேடி ஓடும். ஓட்டுநர் அறையில் அப்படிப்பட்ட இடம் பிரேக் மிதிக்கு அடியில் இருக்கிறது.

வெயிலும் சாதாரண விஷயம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 40 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது, அதாவது 22 டிகிரி செல்சியஸ். அதில் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஆர்வி காரைவிடப் பெரியது, கொஞ்சம் தாமதமாகச் சூடாகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆர்விகளை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் கம்பத்து மின்சாரம் போனால் ஏசி நிற்கும். நாம் எங்கோ மலையேறிக்கொண்டிருப்போம். சிம் கார்டு போட்ட வெப்பமானி ஒன்று வண்டிக்குள் இருந்தால், சூடு ஏறும்போது கைபேசிக்குச் செய்தி வரும். வந்த பிறகு அரை மணிக்குள் திரும்ப முடியாத தூரத்துக்கு நாங்கள் போவதில்லை.

தேடுவதற்கு இருந்த நாட்கள்

பூனை தொலைந்தால் நாம் செய்யும் முதல் தப்பு, தூரத்தில் தேடுவது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காணாமல்போன 1,210 பூனைகளைப் பற்றிச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு ஏழு நாளுக்குள் உயிரோடு கிடைத்தன. ஒரு வருஷத்துக்குள் கிடைத்தவை 61 சதவீதம்.

தெரியாத இடத்தில் வெளியே விழுந்த வீட்டுப் பூனை ஊர் சுற்றப் போவதில்லை. கிடைத்த முதல் மறைவில் புகுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தினமும் தோளில் ஏறி உட்காரும் பூனையாக இருந்தாலும், எசமானர் பெயர் சொல்லி இரண்டடி தூரத்தில் நின்று கூப்பிட்டால்கூட வாய் திறக்காது. பயத்தில் சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அதன் உடம்புக்குத் தெரியும். ஊரடங்கி, நாய்கள் ஓய்ந்து, பின்னிரவு ஆன பிறகுதான் தலை நீட்டும். அதனால் பகலில் பத்து மைல் காரில் சுற்றுவதைவிட, ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் குப்புறப் படுத்து அக்கம்பக்கத்து வண்டிகளின் அடியில் டார்ச் அடிப்பது பலன் தரும். பூனையின் கண் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், உடம்பு தெரியாவிட்டாலும் கண் தெரியும்.

ஆர்வி முகாமில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. மறைவு என்று பூனை தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இன்னொரு வண்டியின் அடிப்பாகத்தைத்தான். சக்கரத்தின் மேல்வளைவு, இரும்புச் சட்டம், படிக்குப் பின்னால் உள்ள பொந்து. அந்த வண்டி மறுநாள் காலையில் கிளம்பிவிடும். ஆகவே பூனை காணோம் என்று தெரிந்த உடனே, நோட்டீஸ் அச்சடிக்கப் போகாமல், சுற்றியுள்ள ஒவ்வொரு வண்டிக் கதவையும் தட்டி, "கிளப்புவதற்கு முன் அடியில் ஒருமுறை பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். நடுராத்திரியாக இருந்தாலும் தட்டலாம். திட்டினால் திட்டட்டும்.

டேடோனாவில் அந்தத் தம்பதி சிறிதும் அலட்சியம் காட்டவில்லை. நாள்கணக்கில் தங்கித் தேடினார்கள், காப்பகங்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த அந்தத் தொலைபேசி அழைப்பு, அவர்கள் அப்படிச் சொல்லி வைத்ததன் பலன்தான். உணவகத்துக்குப் பின்னால் தின்றது ஹோலியேதான் என்றால், ஓடிப்போய் இரண்டு வாரம் ஆகியும் அது அதே ஊரில்தான் இருந்திருக்கிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். பூனை அங்கே, தெருப்பூனைகளோடு ஒன்றாகத் தின்றுகொண்டு. வீட்டுக்காரர்கள் 200 மைல் தெற்கே, காலி வண்டியோடு. அந்த வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், அந்த இரண்டு வாரத்தில் ஒரு ராத்திரியாவது அது வந்து கதவைப் பிறாண்டியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதனால்தான் எங்கள் பயணத் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் கடைசி நாளுக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விடுகிறோம். ஊர் பார்க்க அந்த நாள் தேவைப்படாது. ஆனால் ஒரு பூனை ராத்திரியில் தப்பினால் விடியும்போது வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இருக்காது. கேம்ப்கிரவுண்ட் அலுவலகத்தில் கேட்டால், இடம் நிறைந்திருந்தாலும் இந்த மாதிரிக் காரணத்துக்கு ஏதாவது ஒரு மூலையில் நிற்க விடக்கூடும்.

நடந்ததா, யாராவது ஏற்றி வந்தார்களா

செய்தி வந்ததும் பலர் கேட்டது இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அசாத்தியம் இல்லை. உணவகத்தில் பார்த்ததிலிருந்து டிசம்பர் 31 வரை ஏறக்குறைய ஆறு வாரம். 320 கிலோமீட்டரை 42 நாளால் வகுத்தால் நாளைக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். நல்ல உடம்போடு இருக்கும் பூனையால் முடியும். குளிர்காலத்திலும் ஃபுளோரிடாவின் கிழக்குக் கரை இதமாக இருக்கும். ஆனால் வழியெல்லாம் நெடுஞ்சாலைகள், வாய்க்கால்கள், நாய்கள், ஓநாய் மாதிரியான கயோட்டிகள். அதைவிடப் பெரிய கேள்வி, தெற்கே போக வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிந்தது?

பூனையின் திசையறிவைப் பற்றிச் செய்த சோதனைகள் குறைவு. 1922-இல் அமெரிக்காவில் ஹெரிக் என்ற விலங்கியலாளர் ஒரு தாய்ப் பூனையை ஒரு மைலிலிருந்து நான்கு மைல் வரை பல இடங்களில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அது குட்டிகளைத் தேடித் திரும்பி வந்தது. 1954-இல் ஜெர்மனியில், பல திசைகளிலும் வாசல் உள்ள ஒரு வட்டமான புதிர்ப்பாதைக்குள் பூனைகளை விட்டார்கள். வீடு இருக்கும் திசையில் உள்ள வாசல் வழியாகவே அவை அதிகம் வெளியே வந்தன. ஆனால் வீடு ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் இது நம்பகமாக நடந்தது. ஐந்து கிலோமீட்டருக்கும் 320-க்கும் நடுவே உள்ள இடைவெளியை விளக்க அறிவியலாளர்களிடம் உறுதியான பதில் இல்லை. கடல் எப்போதும் ஒரே பக்கம் இருந்ததை வைத்துக் கரையோரமாகவே நடந்திருக்குமோ என்று நான் யோசித்ததுண்டு. அப்படி நடந்தாலும் வடக்கே போகாமல் தெற்கே ஏன் போனது என்பதற்கு அதில் விடை இல்லை.

உடம்பு சொன்ன சாட்சி தெளிவாக இருந்தது. பின்னங்கால் நகங்களும் நகத்தின் வேரிடமும் தேய்ந்து போயிருந்தன. உடல் எடையில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. நீர்ச்சத்து வற்றியிருந்தது. தெரியாத மனிதர்களைக் கண்டால் அது ஒதுங்கியது, அதனால் யாரிடமும் போய் வண்டியில் ஏறியிருக்காது, தானே நடந்துதான் வந்திருக்கும் என்று பரிசோதித்த மருத்துவர் சொன்னார். பூனை நடக்கும்போது உடம்பை முன்னே தள்ளுவது பின்னங்கால்கள். தார்ச்சாலையிலும் சிமென்ட்டிலும் வாரக்கணக்கில் நடந்தால் முதலில் தேய்வது அவைதான். எனக்கு மருத்துவர் சொன்னது போதுமானதாக இருக்கிறது. ஹோலி நடந்தே வந்தது என்றுதான் நம்புகிறேன்.

ஹோலியின் பிறப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் தாய் யாரும் வளர்க்காத காட்டுப் பூனை மாதிரித் திரிந்தது. ஹோலி பிறந்தது யாரோ ஒருவர் வீட்டு ஏசி இயந்திரத்துக்குள். அந்த இயந்திரத்தை யாரோ ஓடவிட்டபோது பட்ட காயத்தின் தழும்பு அதன் வயிற்றில் இருந்தது. ஆறு வாரக் குட்டியாக இவர்கள் வீட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குத் தானே நடந்து வந்து, அங்கே உட்கார்ந்திருந்தவரின் மடியில் ஏறிக்கொண்டது. பிறகு நான்கு வருஷம் வீட்டுக்குள் சொகுசாக இருந்தாலும், மறைந்து கிடக்கவும் கிடைத்ததைத் தின்னவும் அதற்கு மறக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பூனை எங்கே போனாலும் வந்துவிடும்" என்று யாராவது நிம்மதியானால் எனக்குக் கோபமே வருகிறது. மேலே சொன்ன ஆய்வில் ஒரு வருஷம் ஆகியும் கிடைக்காதவை நூற்றில் 39. அவற்றைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. ஹோலிகூட வீடு வரை வந்து சேரவில்லை. ஒரு மைல் மிச்சம் இருந்தபோது அதன் உடம்பில் தெம்பு தீர்ந்துவிட்டது. அந்தக் கடைசி மைலைக் கடக்க வைத்தது கொல்லையில் சாப்பாடு வைத்த ஒரு பெண்மணியும், மைக்ரோசிப் என்ற அரிசியளவு கண்ணாடிக் குப்பியும்தான்.

அந்தக் கேள்வி

பூனையை மருத்துவரிடம் கொண்டுபோன அந்தப் பெண்மணிக்கு அதை விட மனமில்லை. ஆறு நாளில் பெயர்கூட வைத்துவிட்டார். கேட்காமலே இருந்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனாலும், சிப் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னதும் அழுதுவிட்டார். ஹோலியின் வீட்டுக்காரர்களும் அழுதார்கள். வீட்டுக்காரர் தூக்கித் தோளில் வைத்தவுடன், அத்தனை நாள் விறைத்திருந்த பூனை தளர்ந்து சாய்ந்துகொண்டது. இந்த நிகழ்வில் என் கண்ணுக்குப் பெரிய மனுஷி அந்தப் பெண்மணிதான்.

மைக்ரோசிப் என்றதும் பலர் ஜிபிஎஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அதில் பேட்டரி கிடையாது, பூனை எங்கே இருக்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓர் எண்ணைக் காட்டும், இப்போதைய சர்வதேச முறையில் 15 இலக்கம். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் நாம் கொடுத்து வைத்த தொலைபேசி எண் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்தச் சின்ன வேலை செய்யும் வித்தியாசம் பெரிது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 விலங்குக் காப்பகங்களில் விவரம் சேகரித்து 2009-இல் வெளியிட்டார்கள். தெருவிலிருந்து காப்பகத்துக்கு வரும் பூனைகளில் வீட்டுக்காரரிடம் திரும்பியவை மொத்தத்தில் 1.8 சதவீதம். சிப் உள்ள பூனைகளில் 38.5 சதவீதம். சிப் இருந்தும் வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ செயல்படாமலோ இருந்தது.

இதைப் படித்த ராத்திரியே எங்கள் பூனைகளின் பதிவைத் திறந்து பார்த்தேன். மிளகுக்குச் சரியாக இருந்தது. செவலையின் பக்கத்தில் நாங்கள் வீடு மாறுவதற்கு முன்னால் இருந்த முகவரி. எண், கணவர் வேலை மாறியபோது விட்டுவிட்ட பழைய அலுவலகக் கைபேசி எண். அம்மா கதவைத் திறந்துகொண்டு படியில் நின்ற அந்தச் சாயங்காலமும் செவலையின் சிப்பில் அந்த எண்தான் இருந்திருக்கிறது. பயணத்தில் நாங்கள் இருவருமே சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கலாம் என்பதால், எங்கள் இரண்டு எண்களோடு மூன்றாவதாக, ஊரை விட்டு நகராத என் நாத்தனாரின் வீட்டு எண்ணையும் சேர்த்தேன். இரண்டு சிப் எண்களையும் அட்டையில் எழுதி வாசல் கதவின் உட்புறம், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே அம்மா போன தடவை வந்தபோது தன் கையால் எழுதி ஒட்டிய காகிதம் ஒன்று இருக்கிறது: "பூனைங்க எங்க?"